பக்கத்துக் கட்டில் நர்சிங் கல்லூரி

பி.எஸ்சி. நர்சிங் முடிக்க நான்கு வருடம் ஆகும். நான் நான்கு நாளில் முடித்தேன். கவுன்சலிங் இல்லை, கட்ஆஃப் இல்லை, நன்கொடை இல்லை. அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோனது ஒன்றுதான் நான் காட்டிய சான்றிதழ்.

வார்டு வாசலில், "அட்டெண்டர் யாரு?" என்றார்கள். "நான்தாங்க" என்றேன். அட்மிஷன் முடிந்தது. அப்பாவுக்கு ஒரு கேஸ் ஷீட், எனக்கு ஒரு மஞ்சள் பாஸ். பாஸின் பின்பக்கம் எனக்கான விதிகள் அச்சாகியிருந்தன. எச்சில் துப்பக் கூடாது, கட்டிலில் உட்காரக் கூடாது, ஊழியர்களோடு வாக்குவாதம் செய்யக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதை ஆயாம்மா வாயால் சொன்னார். பக்கெட், மக்கு, சோப்பு, ரெண்டு பெட்ஷீட், பழைய வேட்டி நாலு, டயப்பர், கையுறை ஒரு டப்பா. எல்லாம் எதிர்க்கடையில் கிடைக்கும்.

வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு சந்தேகம் வந்தது. இதையெல்லாம் நான் கொண்டுவந்தால் ஆஸ்பத்திரி என்ன கொண்டுவரும்? ஆஸ்பத்திரி கட்டில் கொண்டுவந்திருந்தது. அதன் ஒரு காலுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் தேடியது நான்.

எங்கள் மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரி அது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. முகப்பெல்லாம் கண்ணாடி. பெயர் வேண்டாம். சொன்னால், அங்கே மட்டும்தான் அப்படி என்று மற்ற ஆஸ்பத்திரிகள் நிம்மதியாகத் தூங்கிவிடும்.

என் பேராசிரியர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அக்கா. லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது மூளையில் ரத்தக் கசிவாகி விழுந்தவர் அவர் வீட்டுக்காரர். பேச்சில்லை, அசைவில்லை, கண் மட்டும் சுற்றும். அக்காவுக்கு அன்று இருபத்து மூன்றாம் நாள். நான் அப்பாவின் தோளைப் பிடித்து ஒருக்களிக்கப் பார்த்ததைக் கண்டு ஓடி வந்தார்.

"தம்பி, தோளப் புடிச்சு இழுக்காதீங்க! விழுந்த பக்கத்துத் தோளு தொளதொளன்னு கெடக்கும், கழண்டுக்கும். வேட்டிய நாலா மடிச்சு முதுகுலேருந்து தொடை வரைக்கும் அடியில விடுங்க. துணியப் புடிச்சுத்தான் தூக்கணும். ஆள இழுத்தா தோலு மெத்தையோட ஒட்டிக்கும், எலும்பு மட்டும் நகரும். உள்ளுக்குள்ள கிழிஞ்சிரும்."

படுக்கைப் புண் எப்படி உண்டாகிறது என்று பாடப்புத்தகம் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு அத்தியாயம் எழுதும். அக்கா ஒரு வாக்கியத்தில் முடித்தார். பிறகு என் கையைப் பிடித்து அப்பாவின் இடுப்பெலும்புக்குக் கீழே, வால் எலும்பு முட்டுகிற இடத்தில் புறங்கையை வைக்கச் சொன்னார். "சூடா இருக்கா? சுத்தி இருக்கிற இடத்தவிட கெட்டியா இருக்கா?" சிவந்திருக்கிறதா பார், விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா பார் என்றுதான் புத்தகம் சொல்கிறது. அது வெள்ளைத் தோலை வைத்து எழுதியது. வெயிலில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய தோலில் சிவப்பு எங்கே தெரியும்? அக்கா கண்ணை நம்பவில்லை, புறங்கையை நம்பினார்.

"யாருக்கா உங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

"உங்க அப்பா கட்டில்ல முன்னாடி ஒரு பெரியவர் இருந்தாரு, அவரு மருமக."

"அவங்களுக்கு?"

"அதுக்கு முன்னாடி இருந்தவங்க சொல்லியிருப்பாங்க."

குரு பரம்பரை. ஆதியில் எப்போதோ ஒரு சிஸ்டர் ஒரு அட்டெண்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு வேதம் மாதிரி வாய்வழியாகவே வந்துகொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டில்தான் கல்லூரி. முன்னால் இருந்தவர் பேராசிரியர், பின்னால் வந்தவர் மாணவர். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனாலோ செத்துப்போனாலோ பட்டமளிப்பு.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. 1926-இல் மதராஸ் மாகாணத்தில் செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் தனிச் சட்டம், பதிவு, கவுன்சில். 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். அது போதாதென்று 2023-இல் தேசிய ஆணையச் சட்டம். இத்தனை வேலி போட்டுக் காத்த தொழிலை நான் எந்தப் பதிவும் இல்லாமல் ராத்திரியும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட என்னைப் பிடிக்கவில்லை. ஊருக்கு ஊர் போலி டாக்டரைப் பிடித்துப் பேப்பரில் படம் போடுகிறார்கள். போலி நர்ஸைப் பிடிக்கக் கிளம்பினால் தமிழ்நாட்டில் ஒரு வார்டிலும் ஆள் இருக்காது.

முதல் நாள் இரவு தூக்கம் வரவில்லை, எண்ணிப் பார்த்தேன். கட்டிலில் 40 பேர், தரையில் பாய் போட்டு 11 பேர், மொத்தம் 51. இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். பயிற்சி மாணவி ஒருத்தி. அவளை ரத்த வங்கிக்கும் லேபுக்கும் எக்ஸ்ரேவுக்கும் ஓட விட்டிருந்தார்கள். நான்கு வருடப் படிப்பில் அவள் கற்றது அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளாக இருக்கும்.

தானாகப் புரளத் தெரியாத நோயாளிகள் அந்த வார்டில் 18 பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்பது உலகம் முழுக்கச் சொல்லித்தரும் பால பாடம். இரவில் ஆறு தடவை. 18-ஐ ஆறால் பெருக்கினால் 108. கோயில் பிரதட்சணக் கணக்கு. தடவைக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் 540 நிமிஷம், ஒன்பது மணி நேரம். அதுவும் இரண்டு பேர் சேர்ந்து செய்தால். மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்தில் 51 பேருக்கு ஊசி, ட்ரிப்ஸ் மாற்றுவது, பிபி பார்ப்பது, சளி உறிஞ்சுவது, புதிதாக வருபவருக்குக் கட்டில் தேடுவது, போனவருக்குக் காகிதம் எழுதுவது. ஆளுக்கு மூன்றரை நிமிஷம். அந்த சிஸ்டர் மனுஷியாக இருக்க வழியே இல்லை. அதனால்தான் அவரை மேடை போட்டுத் தேவதை என்கிறார்கள். அந்த தேவதைக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு அளவு வைத்திருக்கிறது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர். மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்துக்கு ஒருவர். 51-ஐ மூன்றால் வகுத்தால் 17. கஞ்சன் கையால் மூன்று ஷிஃப்டுக்கும் பிரித்துக்கொடுத்தாலும் ராத்திரிக்கு ஐந்து பேராவது தேற வேண்டும். ஒருவர் இருந்தார். மீதிப் பேர் எங்கே என்று யாரும் தேட வேண்டாம், நாங்கள்தான். அக்கா ஒருவர், நான் ஒருவன், மூன்றாம் கட்டில் பெரியவரின் பேத்தி ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவள், தாத்தாவுக்கு மூத்திரப் பையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அரசுக்கு எங்களால் சம்பளம் மிச்சம், பஞ்சப்படி மிச்சம், பென்ஷன் மிச்சம். நாங்கள் ஸ்டிரைக்கும் பண்ண மாட்டோம். பண்ணினால் செத்துப்போவது எங்கள் அப்பாதான்.

அட்டெண்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஆண்கள் வார்டு அது. பார்த்துக்கொண்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். மனைவி, மகள், மருமகள், அம்மா. ஆண் பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அதட்டிவிட்டுப் போனார்கள். நானும் அப்படிப் போயிருக்க வேண்டியவன்தான். தங்கச்சி ஒரு பிரசவத்துக்குத் துணையாகப் போனதால் மாட்டிக்கொண்டேன். ஐம்பது வயது வரை என் வீட்டில் நோயாளிக்கு யார் பீ மூத்திரம் எடுத்தார்கள் என்று யோசித்ததில்லை. அம்மா எடுத்திருப்பாள். அம்மாவுக்கு? தங்கச்சி.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு சிஸ்டர் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் புத்தகம், ஊசிப் பதிவேடு, டயட் பதிவேடு, துணிக் கணக்கு, இண்டெண்ட், கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு கணக்கு, அதே கணக்கைக் கம்ப்யூட்டர் தொங்கினால் காட்டுவதற்கு நோட்டில் ஒரு தடவை. நான் போய், "சிஸ்டர், அப்பாவ ஒரு தடவ நீங்க பாத்துட்டீங்கன்னா..." என்று இழுத்தேன். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி கண்ணைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

"சார், இத எழுதலன்னா எனக்கு மெமோ. உங்கப்பாவத் திருப்பிப் போடலன்னா மெமோ கெடையாது."

இத்தனை வருடம் நான் கேட்ட சுகாதாரக் கொள்கை உரைகளில் இவ்வளவு நேர்மையான ஒன்றைக் கேட்டதில்லை.

எழுத்தின் மகிமையை மறுநாள் கட்டில் தலைமாட்டில் தொங்கிய சார்ட்டில் பார்த்தேன். காய்ச்சல், நாடி, மூச்சு எல்லாம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதியிருந்தது. அப்பாவின் மூச்சு நிமிஷத்துக்கு 20. நாலு மணிக்கு 20, எட்டு மணிக்கு 20, பன்னிரண்டுக்கு 20. அக்கா வீட்டுக்காரருக்கு 20. மூச்சிழுத்து மூச்சிழுத்து நெஞ்சுக்கூடு ஆடிக்கொண்டிருந்த ஏழாம் கட்டில்காரருக்கும் 20. சாதியால், கட்சியால், ரசிகர் மன்றத்தால் பிரிந்துகிடக்கும் தமிழ்நாட்டில் 51 பேர் ஒரே தாளத்தில் மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான். நான் என் கைக்கடிகாரத்தை வைத்து ஏழாம் கட்டில்காரரின் நெஞ்சை ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினேன். 38. சிஸ்டரிடம் ஓடினேன், அவர் டாக்டரிடம் ஓடினார், ஆக்சிஜன் வந்தது. ஒரு நிமிஷம் ஒரு மனிதனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது செவிலியர் வேலையில் மிகப் பழைய வேலை. அதற்கு மிஷின் வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு நிமிஷம் வேண்டும். டெண்டர் விட முடியாத பொருள் என்பதால் அது வந்து சேருவதில்லை.

இரண்டாவது பாடம் கஞ்சி. அப்பா பசி என்று ஜாடை காட்டினார். படுத்த வாக்கில் ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன். அக்கா தட்டிவிட்டார். கஞ்சி என் சட்டையில். "உக்கார வச்சுக் குடுங்க தம்பி! படுத்தமேனிக்கு ஊத்துனா நெஞ்சுக்குள்ள எறங்கிரும். போன வாரம் அந்த மூலைக் கட்டில்ல ஒருத்தரு அப்படித்தான்..." என்று பாதியில் நிறுத்தினார். தலையணையை முட்டுக் கொடுத்து உட்காரவைத்து, கன்னம் விழாத இடப் பக்கமாகக் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் முழுங்கினாரா என்று குரல்வளையைப் பார்த்து, கடைசியில் விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சுண்டு விரலில் துணி சுற்றித் துடைத்து எடுக்க வேண்டும். அங்கே ஒரு கவளம் தங்கியிருக்கும், தூக்கத்தில் அது மூச்சுக்குழாயில் போகும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு நாற்பது நிமிஷம். மூலைக் கட்டில்காரருக்கு இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதியிருப்பார்கள். "யாருக்கும் நாற்பது நிமிஷம் இல்லாததால்" என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பின்னால் கோபத்தில் சில புத்தகங்களைத் தேடிப் படித்தேன். வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கச் செவிலியர், நோயாளிக்கு என்னென்ன தேவை என்று பதினான்கு சொல்லியிருக்கிறார். சர்வதேசச் செவிலியர் கவுன்சில் அதை 1960-இல் புத்தகமாகவே போட்டது. மூச்சு, சாப்பாடு, கழிவு, அசைவு, தூக்கம், உடை, உடல்சூடு, சுத்தம், ஆபத்தில்லாமல் இருப்பது, மனசில் உள்ளதைச் சொல்வது, சாமி கும்பிடுவது, வேலை, பொழுதுபோக்கு, கற்றுக்கொள்வது. எங்கள் வார்டுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். மூச்சு சார்ட்டில் இருந்தது. தூக்கத்துக்கு இரண்டு டியூப் லைட் தலைக்கு நேரே ராத்திரி முழுக்க எரிந்தது. நாலு மணிக்கு ஊசி, நாலே முக்காலுக்கு, "எந்திரிங்க, கூட்டணும்." சாமி விஷயத்தில் குறை சொல்ல முடியாது. வாசல் பிள்ளையார் முதல் மாடிப்படித் திருப்பத்து மாதா வரை எல்லோரும் டூட்டியில் இருந்தார்கள். அங்கே ஷிஃப்ட்டுக்கு ஆள் குறைந்ததே இல்லை.

ஆறாம் நாள் தரச்சான்றுக் குழு வந்தது.

முந்தின ராத்திரியே சுவரில் சுண்ணாம்பு. விடிகாலையில் எங்கிருந்தோ புதுப் பெட்ஷீட்டுகள் வந்தன, மடிப்புக் கலையாமல், கிழமைக்கு ஒரு நிறம் என்ற ஏற்பாட்டின்படி. நான் வாங்கிப் போட்டிருந்த பூப்போட்ட பெட்ஷீட்டை உருவி என் கையிலேயே கொடுத்தார்கள். கை கழுவும் தொட்டிக்கு மேல் கை கழுவுவது எப்படி என்று படம் போட்ட போஸ்டர் ஒன்று இருந்தது. விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாக. அதைத் துடைத்துப் பளபளப்பாக்கினார்கள். சோப்புப் பெட்டியில் அன்று சோப்பு இருந்தது. பிரசவ வார்டில் டாக்டர்கள் கை கழுவினாலே தாய்மார் சாவது குறையும் என்று வியன்னாவில் ஸெம்மல்வெய்ஸ் காட்டியது 1847-இல். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு அன்று காலை எட்டரைக்கு வந்து சேர்ந்து, மதியம் இரண்டு மணிக்குத் திரும்பிப் போயிற்று.

ஒன்பது மணிக்கு விசில். "அட்டெண்டர்லாம் வெளிய போங்க!" செக்யூரிட்டி கம்பை ஆட்டினார். ஒரு நோயாளியோடு ஒருவர் இருக்கலாம் என்றுதானே பாஸ் கொடுத்தீர்கள் என்றேன். பின்பக்கத்தைக் காட்டினார், வாக்குவாதம் செய்யக் கூடாது. நாங்கள் எல்லோரும் வேப்ப மரத்தடியில் போய் நின்றோம். வார்டின் செவிலியர் படையை மொத்தமாக வெளியேற்றிவிட்டு, செவிலியர் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க உள்ளே ஒரு குழு நுழைந்தது.

அக்கா ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார். "பத்து மணிக்கு இவர இடப் பக்கம் போடணும்... பதினொண்ணுக்கு மூக்கு டியூப்ல பால்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். குழு சாவகாசமாக வந்தது, பதிவேடுகளைப் புரட்டியது. எல்லாம் எழுதியிருந்தது. படம் எடுத்தார்கள். மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்த ஒருவர், வார்டில் கூட்டமில்லாமல் அமைதியாக இருந்தது என்று மெச்சியது என் காதில் விழுந்தது. அமைதியாகத்தான் இருக்கும். பேச்சு வராதவர்கள் பாதிப் பேர்.

நான்கரை மணி நேரம். அப்பா மல்லாக்க, நனைந்த டயப்பரோடு, மடிப்புக் கலையாத புதுப் பெட்ஷீட்டில் கிடந்தார். திருப்பிப் போட்டேன். வால் எலும்பு இடத்தில் புறங்கையை வைத்தேன். கொதித்தது. மறுநாள் தோல் கறுத்து, அதற்கடுத்த நாள் உரிந்து வந்தது. முதலில் அஞ்சு ரூபாய்க் காசு அளவு. பத்து நாளில் உள்ளங்கை அளவு. உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. எலும்பா என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

படுக்கைப் புண்ணை நோயின் கணக்கில் எழுதாதீர்கள், பராமரிப்பின் கணக்கில் எழுதுங்கள் என்ற கருத்தை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே புத்தகத்தில் வைத்துவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரி இரண்டு கணக்கிலும் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் பக்கவாதம் இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது, சர்க்கரை இருந்தது, "நோயாளி முன்னேற்றம் அடைந்தார்" இருந்தது. புண் இல்லை. கேட்டேன். பயிற்சி டாக்டர் தம்பி, இருபத்து மூன்று வயது இருக்கும், தலையைக் குனிந்துகொண்டு, "அது எழுதுனா கேள்வி வரும் சார்" என்றார். காகிதத்தில் இல்லாத புண்ணைத்தான் இன்றைக்கும் தினம் இரண்டு வேளை கழுவிக் கட்டுகிறோம்.

புண்ணுக்கு விலை வைத்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவில் அரசின் மெடிகேர் காப்பீடு, ஆஸ்பத்திரியில் வந்த ஆழமான படுக்கைப் புண்ணுக்குக் கூடுதல் பணம் தர முடியாது என்று 2008 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டது. மறுநாளே அங்கே எல்லோரும் புத்தராகிவிடவில்லை. ஆனால் நோயாளியின் பின்புறத்தைப் பார்க்காவிட்டால் நஷ்டம் என்று கணக்குப் பிள்ளைக்குப் புரிந்தது. இங்கே பார்க்காவிட்டால் நஷ்டம் அக்காவுக்கு மட்டும். இங்கே திருப்பிப் போட நேரமில்லாத அதே நர்ஸ், விமானம் ஏறி அயர்லாந்திலோ குவைத்திலோ இறங்கியதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுகிறார். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலா இருந்தது?

சரி, தேவதைக் கதை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்தத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லி எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2017 நவம்பர் கடைசியில், அந்தப் பெண்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து, சொன்னது என்னாயிற்று என்று கேட்டார்கள். உடனே நோயாளிகள் மேல் எல்லோருக்கும் அக்கறை பொங்கியது. 51 பேருக்கு ஒருவர் என்று விட்டபோது பொங்காத அக்கறை. 2020 மார்ச் 22-ஆம் தேதி நாடே தட்டைத் தட்டியது. மே 3-ஆம் தேதி பல நகரங்களில் ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினார்கள். பூ வாடியது. கொரோனாவுக்கென்று இங்கே எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு நீட்டிப்பு கிடையாது என்று காகிதம் வந்தது. அப்புறம் வேறு திட்டத்தில் வேலை தருகிறோம் என்றார்கள். பூத் தூவ ஹெலிகாப்டர் வேண்டும், வேலையைப் பிடுங்க ஒரு ஏ4 தாள் போதும்.

தேவதை என்ற சொல்லின் லாபம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தேவதைக்கு வயிறு கிடையாது, அதனால் சம்பளம் வேண்டாம். மாதவிலக்கு கிடையாது, அதனால் ராத்திரி டூட்டியில் பூட்டில்லாத கழிப்பறை போதும். காலும் கிடையாது போலிருக்கிறது, பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் வலிக்காது.

தனியாருக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். சித்தப்பா பையன் போனான், மாமனாருக்காக. அங்கே பெட்ஷீட் தினம் மாறியது. பில்லில் "நர்சிங் சார்ஜ்" என்று நாள் கணக்கில் ஒரு வரி இருந்தது. அந்தக் காசு நர்ஸுக்குப் போகிறதா என்று அவன் விசாரித்தான். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகள் ஆபீஸ் பீரோவில் இருப்பதாகச் சொன்னாளாம். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசுச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது 2016-இல். பரிந்துரையும் ஏதோ ஒரு பீரோவில்தான் இருக்கிறது. அங்கேயும் "அட்டெண்டர் ஒருவர் கட்டாயம்" என்று போர்டு வைத்திருந்தார்கள். வித்தியாசம், அட்டெண்டருக்கு சோபா உண்டு, அதற்கும் வாடகை உண்டு.

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்தது மே 12-ஆம் தேதி. செவிலியர் தினம். நைட்டிங்கேல் 1820-இல் பிறந்த நாள். காலையிலிருந்து தாழ்வாரத்தில் தெர்மாகோல் விளக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு ஆடிட்டோரியத்தில் மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி, வராதவர்கள் பெயர் எழுதப்படும் என்று சர்க்குலர். சிஸ்டர் போனார். மாணவிகள் கோரஸ் பாடப் போனார்கள். நோயாளிகளைக் காப்போம் என்று உறுதி எடுப்பதற்காக வார்டு காலியானது. ஒலிபெருக்கியில் ஒருவர் "வெள்ளுடை தேவதைகளே" என்று ஆரம்பித்தார்.

நான் அப்பாவின் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டில் காலியாக இருந்தது. ஐந்து நாளைக்கு முன் வீட்டுக்காரரை "இனி வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாற்பது நாள் வீட்டு வேலைதான் பார்த்திருக்கிறார் என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கட்டிலுக்கு ஒரு பையன் அவன் அப்பாவைக் கொண்டுவந்து போட்டிருந்தான். இருபது வயதிருக்கும். தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, தோளப் புடிக்காத" என்றேன்.

என் வாயிலிருந்து அக்கா குரல் வந்தது. என் வேட்டி ஒன்றைக் கொடுத்து நாலாக மடிக்கச் சொன்னேன். அப்போது அந்த லேப் ஓடும் மாணவி திரும்பி வந்தாள், காகிதத் தட்டில் கேக் துண்டோடு, விரலெல்லாம் க்ரீம். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"அங்கிள், அத எனக்கும் ஒருதடவ காட்டுறீங்களா? நாங்க டம்மில பண்ணதுதான். பேஷண்ட்ல பண்ணதே இல்ல."

"மூணாவது வருஷம்தானம்மா?"

"மூணாவது முடியப்போகுது அங்கிள்."

முதலில் கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன். போஸ்டருக்குக் கீழே போய் நின்றவள், குழாயைத் திருகிவிட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சோப்பு இல்ல அங்கிள்."

"அந்தப் பச்சப் பையில இருக்கும்மா. முடிச்சுட்டு இந்தத் தம்பிக்கே குடுத்துரு."